எச்ஐவி தடுக்க சுன்னத் ஆபரேஷனா, காண்டமா?

செலவு: ஆபரேஷன் ஒரே தடவ தான், ஆனா டாக்டர் ஃபீஸ், தையல், அப்புறம் ஆறு வாரம் உறவு கூடாது. காண்டம் ஒவ்வொரு தடவையும் வேணும், கவர்மென்ட் சென்டர்ல ஃப்ரீ.

பாதுகாப்பு: தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆய்வுகள்ல பெண்கிட்டருந்து ஆணுக்கு தொத்துறது சுமார் 60% குறைஞ்சுது, அத வச்சு தான் 2007ல உலக சுகாதார நிறுவனமே சிபாரிசு பண்ணுச்சு, ஆனா பொண்டாட்டிக்கு நேரடி பாதுகாப்பு இல்லங்க, அது தான் எனக்கு பெரிய கவல. காண்டம் ரெண்டு பேரையும் காக்கும்.

ஆப்பிரிக்காவுல சில நாட்டுல பெரியவங்கள்ல பத்துல ஒருத்தருக்கு மேல எச்ஐவி, அதனால ஆபரேஷன் செலவு பின்னாடி மருந்து செலவுல மிச்சமாகிடும். இந்தியால சுமார் 0.2% தான், ஊருக்கே பண்ணா கட்டுபடியாகாது.

சென்னைல இருக்குறவங்களுக்கு காண்டமும் டெஸ்ட்டும் தான் சரி. ஏற்கனவே சுன்னத் பண்ணவங்களும் காண்டம விட்டுடாதீங்க.