லெனார்ட்–ஹெர்ன்ஸ் 1981, ஹாக்லர்–ஹெர்ன்ஸ் 1985: முதலில் எதைப் பார்ப்பது?

"ஒரே ஒரு சண்டை சொல்லுங்க மாமா, பிடிச்சா மேல பார்க்கிறேன்" என்று தங்கை மகன் கேட்டான். குத்துச்சண்டை என்றால் அவனுக்கு முகமது அலியும் மைக் டைசனும்தான். இடையில் ஹெவிவெயிட் (மிகக் கனமான எடைப்பிரிவு) அல்லாத நான்கு பேர், சுகர் ரே லெனார்ட், தாமஸ் ஹெர்ன்ஸ், மார்வின் ஹாக்லர், ரொபர்டோ டுரான், 1980 முதல் 1989 வரை தங்களுக்குள் ஒன்பது முறை மோதிக்கொண்டதை அவன் கேள்விப்பட்டதே இல்லை. அந்த ஒன்பதில் கடைசிவரை போட்டியில் நிற்பவை இரண்டு. ஹாக்லர்–ஹெர்ன்ஸ், லெனார்ட்–ஹெர்ன்ஸ் முதல் சண்டை. இரண்டுமே லாஸ் வேகஸ் சீசர்ஸ் பேலஸின் திறந்தவெளி ரிங்கில் நடந்தவை, இரண்டிலும் தோற்றவர் ஹெர்ன்ஸ். நான் அவனுக்குச் சொன்னது 1981.

பத்துப் பேரிடம் கேட்டால் எட்டுப் பேர் 1985-ஐத்தான் சொல்வார்கள். அவர்கள் தரப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். 1985 ஏப்ரல் 15, மிடில்வெயிட் (நடுத்தர எடைப்பிரிவு) பட்டம், சாம்பியன் ஹாக்லர். மணி அடித்ததும் இருவரும் ரிங் நடுவில் பாய்ந்தார்கள். எதிராளியை அளந்து பார்க்கிற வேலையே இல்லை. ஆரம்ப விநாடிகளிலேயே ஹெர்ன்ஸின் வலக்கை ஹாக்லரை உலுக்கியது, ஹாக்லரின் நெற்றி கிழிந்தது. அதே ரவுண்டில் ஹெர்ன்ஸின் வலக்கை எலும்பும் முறிந்தது. மூன்றாவது ரவுண்டில் நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் சண்டையை நிறுத்தி, ரத்தம் வழிந்த ஹாக்லரை மருத்துவரிடம் காட்டினார். தொடரலாம் என்று மருத்துவர் சொன்னதும் ஹாக்லர் ஹெர்ன்ஸைத் துரத்திப் பிடித்துச் சாய்த்தார். ஹெர்ன்ஸ் எழுந்துவிட்டார், ஆனால் நிற்கும் நிலையில் இல்லை. எல்லாம் சேர்ந்து சுமார் எட்டு நிமிடம். முதல் ரவுண்டுக்கு இணையாக இன்னொரு ரவுண்டைக் காட்டு என்றால் என்னிடம் இல்லை.

ஆனாலும் முதல் சண்டையாக இதைக் காட்டினால், குத்துச்சண்டை என்பது இதுதான் என்று புதியவர் நம்பிவிடுவார். அடுத்து எதைப் பார்த்தாலும் மந்தமாகத்தான் தெரியும்.

1981 செப்டம்பர் 16 சண்டை வேறு ரகம். மிடில்வெயிட்டைவிடக் குறைந்த எடைப்பிரிவான வெல்டர்வெயிட்டில் லெனார்ட் டபிள்யூபிசி சாம்பியன், ஹெர்ன்ஸ் டபிள்யூபிஏ சாம்பியன் (இரண்டும் பட்டம் வழங்கும் தனித்தனி அமைப்புகள்). டெட்ராய்ட் க்ரோங்க் ஜிம்மில் எமானுவேல் ஸ்டீவர்ட் வளர்த்த ஹெர்ன்ஸ் அதுவரை ஆடிய 32 சண்டையிலும் வென்றவர். அதில் 30 நாக் அவுட். ஆறடிக்கு மேல் உயரம், நீளமான கை. லெனார்ட் காலாட்டத்துக்கும் வேகத்துக்கும் பேர்போனவர். ஹெர்ன்ஸ் அடிப்பார், லெனார்ட் நழுவுவார் என்பதுதான் எதிர்பார்ப்பு. முதல் சில ரவுண்டு அப்படித்தான் போனது. ஹெர்ன்ஸின் இடக்கை ஜாப் (கையை நேராக நீட்டி வேகமாகக் குத்துவது) வந்து வந்து விழுந்ததில் லெனார்டின் இடக்கண் வீங்கத் தொடங்கியது. ஆறாவது ரவுண்டில் லெனார்டின் இடது ஹூக் (கையை வளைத்துப் பக்கவாட்டில் அடிப்பது) ஒன்று சரியாகப் பட்டது. அப்புறம் வேடம் மாறியது. அடிகாரர் ஹெர்ன்ஸ் கால் விரலில் நின்று தள்ளி நின்று ஆடுகிறார், ஆட்டக்காரர் லெனார்ட் துரத்துகிறார். அந்த மாற்றத்தில் ஜெயித்துக்கொண்டிருந்ததும் ஹெர்ன்ஸ்தான். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அவருடைய ராஜ்ஜியம்.

நான் 1981 பக்கம் சாய்வதற்கு ஒரே காரணம்தான், அது 15 ரவுண்டு சண்டை.

பன்னிரண்டாவது முடிந்து மூலைக்கு வந்த லெனார்டிடம் பயிற்சியாளர் ஆஞ்செலோ டண்டி, கைக்கு வந்ததைக் கோட்டை விடுகிறாயே மகனே என்கிற அர்த்தத்தில் கத்தினார். பதின்மூன்றாவதில் லெனார்ட் ஹெர்ன்ஸை அடித்துக் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். அது நாக் டவுனாக (அடி வாங்கி விழுந்ததாக) எண்ணப்படவில்லை. அதே ரவுண்டில் மறுபடியும் கயிற்றில் சரிந்தபோது எண்ணினார்கள். பதினான்காவதில் ஒரு வலக்கை, அதன் பின் கயிற்றோரம் சரமாரி. ஒரு நிமிடம் 45 விநாடியில் நடுவர் டேவி பேர்ல் நிறுத்தினார்.

இப்போது மதிப்பெண் அட்டையைப் பாருங்கள் (ஒவ்வொரு ரவுண்டிலும் வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9 அல்லது அதற்கும் குறைவு). 13 ரவுண்டு முடிவில் மூன்று நீதிபதிகளிடமும் முன்னிலை ஹெர்ன்ஸுக்கு: 124–122, 125–122, 125–121. லெனார்ட் அமோகமாக வென்ற பதின்மூன்றாவதையும் சேர்த்த கணக்கு இது. அதை எடுத்துவிட்டால் இடைவெளி இன்னும் பெரிது. அதாவது அது 12 ரவுண்டு சண்டையாக இருந்திருந்தால் ஹெர்ன்ஸ் வெற்றி, லெனார்டின் பெரிய பெயரில் பாதி அங்கேயே போயிருக்கும். ஹாக்லர்–ஹெர்ன்ஸ் சண்டையும் 12 ரவுண்டுக்குத்தான் குறித்திருந்தார்கள். அதைப் பத்தாக்கினாலும் இருபதாக்கினாலும் முடிவு மாறாது. 1981-இல் சண்டையின் நீளம்தான் மூன்றாவது ஆட்டக்காரர். ஒல்லியான உடம்போடு ஹெர்ன்ஸ் ஓடி ஓடி ஆடிய ஒவ்வொரு ரவுண்டும் கடைசியில் கால்களில் தெரிகிறது. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் அந்தக் கால்களைத்தான். பத்தாவது ரவுண்டில் எவ்வளவு லேசாக இருக்கின்றன, பதின்மூன்றில் எப்படி மரத்துப்போகின்றன என்று கவனித்தால், குத்துச்சண்டையில் சக்தியை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்பது பாடம் போலப் புரியும்.

இதற்காக 15 ரவுண்டு மறுபடி வரவேண்டும் என்று சொல்லமாட்டேன். 1982 நவம்பரில் ரே மன்சினியுடன் மோதி 14-ஆவது ரவுண்டில் விழுந்த கொரிய வீரர் கிம் டுக்-கூ சில நாளில் இறந்துபோனார். அதன் பிறகுதான் டபிள்யூபிசி 12 ஆகக் குறைத்தது, மற்ற அமைப்புகளும் அந்தப் பத்தாண்டுக்குள் பின்னால் வந்தன. சரியான முடிவுதான். 1981 மாதிரிச் சண்டை இனி வராது என்பது அதற்குக் கொடுத்த விலை.

இன்னொரு வேடிக்கை. 13, 14-ஆவது ரவுண்டுகளால் பிழைத்த அதே லெனார்ட், 1987-இல் ஹாக்லரோடு மோதும்போது 12 ரவுண்டுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார், பிரிந்த தீர்ப்பில் (மூன்று நீதிபதிகளில் இருவர் மட்டும் அவர் பக்கம்) வென்றார். அது 15 ரவுண்டாக இருந்திருந்தால் ஹாக்லர்தான் என்று நான் நினைக்கிறேன், பந்தயம் கட்டுகிற அளவுக்கு உறுதி இல்லை. எனக்கு எல்லாமே வீடியோவில் பார்த்த பழக்கம்தான். ரிங் ஓரத்தில் உட்கார்ந்தவருக்குக் கேட்ட அடியின் கனம் திரையில் வராது, ஹாக்லர் விஷயத்தில் அது பெரிய குறை.

நேரம் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் 1985-ஐப் போடுங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் 1981. ஆறாவது ரவுண்டில் இருந்து தாவிப் பார்ப்பது மட்டும் வேண்டாம், முதல் ஐந்தின் ஜாப்களைப் பார்க்காமல் லெனார்டின் வீங்கிய கண்ணுக்கு அர்த்தம் இல்லை. பிறகு 1985-ஐப் பார்த்தால், ஹெர்ன்ஸ் ஏன் தள்ளி நின்று ஆடவில்லை என்று நீங்களே கத்துவீர்கள். 1989-இல் லெனார்டும் ஹெர்ன்ஸும் மறுபடி மோதியதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஹெர்ன்ஸ் லெனார்டை இரண்டு முறை தரையில் சாய்த்தும் சமன் என்று தீர்ப்பு வந்தது.