வேர்ல்ட் கிளைமேட் விளையாட்டு: ஏழு வருஷம் நடத்திப் பார்த்தபின்

நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் எடுக்கிறேன். 2018 ஜனவரியில் பிளஸ் ஒன் பிள்ளைகளை வைத்து முதல்முறை இந்த விளையாட்டை நடத்தினேன். இதுவரை பதினொரு முறை ஆயிற்று. கொரோனா சமயத்தில் ஜூமில் ஒருமுறை முயன்றதைக் கணக்கில் சேர்க்கவில்லை, பார்த்தவர்கள் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவில் கிளைமேட் இன்டராக்டிவ் என்ற அமைப்பு எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளி, மாசசூசெட்ஸ் லோவெல் பல்கலைக்கழக ஆட்களோடு சேர்ந்து உருவாக்கியது. இலவசம். ஐ.நா. பருவநிலை மாநாடு மாதிரியே வகுப்பைப் பிரிக்க வேண்டும். நான் எப்போதும் ஆறு அணி வைப்பேன்: அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், மற்ற வளர்ந்த நாடுகள், சீனா, இந்தியா, மற்ற வளரும் நாடுகள். ஒவ்வொரு அணியும் தன் உமிழ்வு, அதாவது காற்றில் விடும் கார்பன் வாயு, எந்த வருஷம் உச்சத்தைத் தொடும், எந்த வருஷத்திலிருந்து குறையும், வருஷத்துக்கு எத்தனை சதவீதம் குறையும் என்று சொல்ல வேண்டும். காடழிப்பைத் தடுப்பது, புதுக் காடு வளர்ப்பது, ஏழை நாடுகளுக்கு உதவும் பசுமை நிதிக்கு எவ்வளவு கொடுப்பது அல்லது கேட்பது என்பதும் உண்டு. அதையெல்லாம் சி-ரோட்ஸ் என்ற கணினி மாதிரியில் போட்டால் தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 2100-இல் பூமி எத்தனை டிகிரி சூடாகியிருக்கும் என்று திரையில் காட்டும். ஒன்றுமே செய்யாவிட்டால் 3 டிகிரிக்கு மேலே நிற்கும். பாரீஸ் ஒப்பந்தம் சொன்னது 2 டிகிரிக்கு நன்றாகக் கீழே, முடிந்தால் 1.5. அந்த இடைவெளிதான் ஆட்டம்.

இதில் எனக்கு முதலில் பிடித்தது மேடை அமைப்பு. பணக்கார நாடுகளுக்கு மேசை, விரிப்பு, தண்ணீர் பாட்டில், பிஸ்கட். வளரும் நாடுகளுக்கு வெறுந்தரை. நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை, பத்து நிமிஷத்தில் தரையிலிருந்து முணுமுணுப்பு கிளம்பிவிடும்.

முதல் சுற்றில் எல்லா அணியும் காடு வளர்ப்பில் நூற்றுக்கு நூறு போடும். மரம் நடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை என்ற நினைப்பு, நாம்தானே சின்ன வயசிலிருந்து மரம் நடு மரம் நடு என்று சொல்லி வளர்த்தோம். திரையில் முள் கொஞ்சமாக நகரும், அவ்வளவுதான். பிள்ளைகள் முகம் விழுந்துவிடும். அடுத்து, வளர்ந்த நாடுகள் மட்டும் வேகமாகக் குறைத்தாலும் வெப்பம் எதிர்பார்த்த அளவு இறங்காது என்று தெரியும்போது தரையில் இருப்பவர்களுக்குக் கோபம் வரும். இன்றைக்கு உலக கார்பன் டை ஆக்ஸைடு உமிழ்வில் ஏறக்குறைய 30 சதவீதம் சீனாவுடையது. ஆனால் தொழிற்புரட்சியிலிருந்து இதுவரை வெளியிட்டதைக் கூட்டினால் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவுடையது. இந்த இரண்டு எண்ணையும் பலகையில் எழுதிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வேன். மீதிச் சண்டையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

உமிழ்வு குறைந்தும் வெப்பம் ஏன் ஏறுகிறது என்ற கேள்வி எல்லா முறையும் வரும். பயிற்சிக் குறிப்பில் குளியல் தொட்டியை வைத்து விளக்குகிறார்கள். எங்கள் ஊரில் யார் வீட்டில் குளியல் தொட்டி இருக்கிறது? மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டியைச் சொன்னேன். தொட்டிதான் வளிமண்டலம். மோட்டார், அதாவது நம் உமிழ்வு, வேகமாக ஏற்றுகிறது, கீழே குழாய், அதாவது காடும் கடலும் உறிஞ்சுவது, ஒழுகலாகத்தான் இறக்குகிறது, மோட்டாரைப் பாதியாகக் குறைத்தாலும் தொட்டி நிரம்பத்தான் செய்யும். ஒரே நிமிஷத்தில் புரிந்தது.

பேரம் இவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. மீன் ஏலக்கூடத்தில் வளர்ந்த பிள்ளைகள். வருஷத்துக்கு 100 பில்லியன் டாலர் தருகிறோம் என்று பணக்கார நாடுகள் 2009 கோபன்ஹேகன் மாநாட்டில் சொன்னதையும், 2020-இல் வர வேண்டியது பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி கணக்குப்படி 2022-இல்தான் வந்துசேர்ந்தது என்பதையும் சொன்னேன். தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, "மிஸ், அப்போ வட்டி?" என்றாள். 2035-க்குள் வருஷத்துக்கு 300 பில்லியன் என்ற 2024 பாகூ மாநாட்டு முடிவைச் சொன்னபோது இன்னொருவன், "எழுதி வாங்கிட்டாங்களா, வாய்வார்த்தையா?" என்று கேட்டான்.

2022-இல் இந்திய அணி நிலக்கரியை 'நிறுத்துவோம்' என்று எழுதுவதா 'குறைப்போம்' என்று எழுதுவதா என்று இருபது நிமிஷம் இழுத்தது. எனக்கு நேரம் போகிறதே என்ற எரிச்சல். அப்புறம்தான் உறைத்தது, 2021 கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் கடைசி நேரத்தில் நடந்தது இதேதான். இந்தியாவும் சீனாவும் கேட்டு அந்த ஒரு சொல் மாறியது. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொண்டை அடைத்து நின்றார். அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன், வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது.

சரி, எங்கே இடிக்கிறது என்று சொல்ல வேண்டும்.

கடல்மட்டம் உயர்வதைக் காட்ட, முதல் சுற்று முடிந்ததும் தரையில் இருப்பவர்கள் மேல் நீலத் தார்பாயைப் போர்த்தச் சொல்கிறார்கள். 2019 பிப்ரவரியில் அப்படியே செய்தேன். கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து மூன்று மாசம்தான் ஆகியிருந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, ஒரு பையன் மட்டும் தார்பாயை விலக்கிவிட்டு வெளியே போய்விட்டான். அவன் வீட்டுக்கு அப்போதும் கூரை அதுதான். நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. அன்றிலிருந்து தார்பாய் கிடையாது. சுவரில் சாக்பீஸால் கோடு போடுகிறேன். இந்தக் காட்சி கடலைப் படத்தில் பார்த்த பிள்ளைகளுக்காக யோசித்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. இந்த விளையாட்டில் வாக்குக் கொடுப்பதற்குச் செலவே இல்லை. இரண்டாவது சுற்றில் 2.5 வரும், மூன்றாவதில் ஆளுக்கு 5 சதவீதம், 6 சதவீதம் என்று போட்டு 2-க்குக் கீழே இறக்கிவிட்டுக் கைதட்டுவார்கள். வருஷா வருஷம் 5 சதவீதம் குறைப்பது என்றால் என்ன? 2020-இல் ஊரடங்கில் உலகமே முடங்கிக் கிடந்தபோது உமிழ்வு ஏறக்குறைய அந்த அளவுதான் இறங்கியது. இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள், ஆனால் உறைக்காது.

அதனால் 2021 கடைசியில் நானே ஒரு சுற்று சேர்த்தேன். ஊர்க்கூட்டம் என்று பெயர். கையெழுத்துப் போட்ட அணி தன் நாட்டு மக்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும். மக்களாக மற்ற அணியிலிருந்து பிள்ளைகள்: சுரங்கத் தொழிலாளி, லாரி வைத்திருப்பவர், விவசாயி, கரன்ட் பில் கட்டும் குடும்பத் தலைவி. முதல்முறை சுரங்கத் தொழிலாளியாக நின்ற பையனின் மாமா நிஜமாகவே நெய்வேலியில் ஒப்பந்த வேலை. "2040-ல் மூடறீங்க சரி, 2041-ல் நான் எங்கே போறது?" என்றான். இந்திய அணித் தலைவி மூன்று நிமிஷம் பதில் சொல்லவில்லை. பிறகு திரும்பி அமெரிக்க மேசைக்குப் போய் நிதியை மறுபடி பேசினாள். அப்போதுதான் இந்தியா நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்கும் வருஷம் 2070 என்று பிரதமர் சொன்னதன் பின்னால் என்ன கணக்கு இருக்கும் என்று அவர்களே பேச ஆரம்பித்தார்கள். சிலர் அது ரொம்பத் தாமதம் என்றார்கள், சிலர் அதுவே அதிகம் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது, நேரம். 45 நிமிஷப் பீரியடில் நடக்காது, மூன்று மணி நேரம் வேண்டும். சனிக்கிழமை வைத்தால் பாதிப் பேர் டியூஷனைச் சொல்லி நழுவுவார்கள். பிளஸ் டூ வகுப்பில் முயலவே வேண்டாம். நாட்டுக் குறிப்புத் தாள்களை நானே தமிழில் எழுதிக்கொண்டேன், இரண்டு விடுமுறை போயிற்று. பள்ளி இணையத்தை நம்பாமல் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வையுங்கள், சி-ரோட்ஸ் பிரவுசரிலேயே ஓடும்.

செய்யலாமா என்று கேட்டால், செய்யுங்கள், ஊர்க்கூட்டத்தோடு செய்யுங்கள். பிஸ்கட் இரண்டு பாக்கெட் போதும். ஒருமுறை நாலு வாங்கிவிட்டேன், அமெரிக்கா தானாகவே தரைக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டது, அன்றைக்கு நிதி பற்றி யாரும் சண்டையே போடவில்லை.