சர்வோ ட்யூனிங்கிற்கு லினக்ஸ்சிஎன்சி: பினாங்குப் பட்டறைகளுக்கு ஒரு மதிப்புரை

பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்துச் சிறு பட்டறைகளில், இரும்பு உடலும் பால்ஸ்குரூவும் உறுதியாக இருந்தும் கன்ட்ரோலர் மட்டும் பழுதாகிவிட்ட மில்லிங் இயந்திரங்கள் மூலையில் கிடப்பதைக் காணலாம். புதிய கன்ட்ரோலரின் விலையைக் கேட்டதும் முதலாளிகள் பின்வாங்கிவிடுகிறார்கள். அத்தகைய ஓர் இயந்திரத்தில், சாதாரணக் கணினியையே கன்ட்ரோலராக்கும் லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருளைப் பொருத்தி, சர்வோ மோட்டார்களை ட்யூன் செய்து (கட்டளைப்படி துல்லியமாக நகரும்படி எண்களைச் சரிசெய்து) பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். திரை அமைப்பையும் ஜி-கோடு வசதிகளையும் விட்டுவிட்டு, அச்சு இருக்கும் இடத்தை அளந்து, பிழையைத் தொடர்ந்து திருத்தும் கட்டுப்பாட்டு வளையத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

1990களில் அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட்டில் உருவான இம்மென்பொருள், இன்று ஜிபிஎல் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டெபியன் 12இன் தொகுப்பிலேயே இடம்பெற்றிருப்பதால் நிறுவுவது எளிது.

கணினியைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிதானம் வேண்டும். கணினியின் தாமதத்தை அளக்க, கூடவே வரும் லேட்டன்சி சோதனையை ஓடவிட்டு, அதே நேரத்தில் பெரிய கோப்புகளை நகலெடுத்தும் சாளரங்களை இழுத்தும் கணினிக்குச் சுமை கொடுக்க வேண்டும். ஜிட்டர் (நேரம் தவறும் அளவு) 20 மைக்ரோவினாடிக்குள் நின்றால், ஸ்டெப்பர் மோட்டாரை அடி அடியாக நகர்த்தும் ஸ்டெப் துடிப்புகளைக்கூட மென்பொருளே நன்றாக உருவாக்கிவிடும். 100ஐத் தாண்டினால் அந்த வேலைக்கு அக்கணினி ஆகாது. மடிக்கணினிகள் மின்சேமிப்பு ஏற்பாடுகளால் பெரும்பாலும் இதில் தோற்றுவிடுகின்றன. மெசா போன்ற எஃப்பிஜிஏ (நிரல்படுத்தத்தக்க சில்லு கொண்ட) அட்டையைச் சேர்த்தால் துடிப்பு வேலை அட்டைக்குப் போய்விடுவதால், வழக்கமாக 1 மில்லிவினாடிக்கு ஒருமுறை வளையத்தைக் கணக்கிடுவது மட்டுமே கணினியின் பொறுப்பாகிறது. குறித்த நேரத்தில் வேலை முடிவதை உறுதிசெய்யும் ப்ரீஎம்ப்ட்-ஆர்டி என்ற நிகழ்நேர வசதி 2024இல் லினக்ஸ் 6.12 கெர்னலிலேயே இணைக்கப்பட்டுவிட்டது இத்துறைக்குப் பெரிய நிம்மதி.

என்னை முழுமையாகக் கவர்ந்தது இதனுடன் வரும் ஹால்ஸ்கோப் என்ற கருவி. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வளையத்திற்குள் இருக்கும் எந்த அளவையும் அலைக்காட்டியில் பார்ப்பதுபோல் பார்க்கலாம். பிழையை எவ்வளவு வலுவாகத் திருத்த வேண்டும் என்று வளையத்துக்குச் சொல்லும் பிஐடி எண்களையும் ஓடும்போதே வேறொரு சாளரத்தில் மாற்றி, விளைவை இங்கே பார்க்கலாம். வேகக் கட்டளை ஏற்கும் டிரைவ் (மோட்டாரை இயக்கும் மின்கருவி) ஒன்றில் முதலில் பிழைக்கு நேர்விகிதமாகத் திருத்தும் பி எண்ணை மட்டும் கொடுத்து அச்சை முன்னும் பின்னும் ஓட்டினால், சீரான வேகத்தில் செல்லும் நேரம் முழுவதும் பின்தொடர்பிழைக் கோடு (கட்டளையிட்ட இடத்துக்கும் அச்சு இருக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாடு) மேடைபோல் உயர்ந்து நிற்கும். பி எண்ணைக் கூட்டக் கூட்ட மேடை தாழும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் மோட்டார் உறுமத் தொடங்கிவிடும். அங்கே சற்றுப் பின்வாங்கி, பிழை வருமுன்பே கட்டளை வேகத்துக்கேற்ப ஈடுகொடுக்கும் எஃப்எஃப்1 என்ற முன்னூட்ட எண்ணைச் சிறிது சிறிதாக ஏற்றினால் மேடை பூஜ்யத்திற்கு இறங்குவது கண்ணுக்கு நேராகத் தெரியும். மிகையானால் கோடு மறுபுறம் புரளும். அதன் பின் வேகம் கூடும் இடத்திலும் குறையும் இடத்திலும் மட்டும் எஞ்சும் சிறு புடைப்புகளை, முடுக்கத்துக்கான முன்னூட்ட எண்ணான எஃப்எஃப்2 அடக்குகிறது. எந்த எண் எந்தப் பிழையைத் திருத்துகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு கருவியை நான் பயன்படுத்தியதில்லை. பாலிடெக்னிக் முடித்துவரும் நம் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டைச் சொல்லித்தர இதையே முதலில் காட்டுவேன்.

குறைகளும் உண்டு. மென்பொருள் உறுப்புகளுக்கு இடையிலான இணைப்புகளை எல்லாம் ஹால் என்ற அமைப்புக் கோப்பில் எழுத்து வடிவில் எழுத வேண்டியிருப்பதால், வரைபடமாகப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தொடக்கம் கடினம். ஓடும்போது மாற்றிய எண்களை அமைப்புக் கோப்பில் சேமிக்காவிட்டால், நிரலை மூடியதும் அவை போய்விடும். ஆக்சிஸ் என்ற இயக்குத் திரையின் கேலிப்ரேஷன் சாளரத்தில் மாற்றினால் அங்கிருந்தே சேமிக்கலாம். தானாக ட்யூன் செய்ய விரும்புவோருக்கு மோட்டாரை வேண்டுமென்றே அலையவிட்டு எண்களைக் கணக்கிடும் ரிலே முறையைப் பின்பற்றும் ஏடி-பிஐடி என்ற உறுப்பு இருக்கிறது; ஆனாலும் கையால் செய்வதையே நான் பரிந்துரைப்பேன்.

பெரிய குறை, வடிவமைப்புக் கருவிகள் இல்லாததே. வெவ்வேறு அதிர்வெண்களில் வளையம் எப்படி நடந்துகொள்கிறது என்று காட்டும் போடே வரைபடத்தையோ, அது அலைபாயத் தொடங்கும் முன் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்ற நிலைத்தன்மை விளிம்பையோ இது கணித்துத் தராது. ஹால்சாம்ப்ளர் என்ற பதிவுக் கருவி வழியாக அளவுகளைக் கோப்பில் எடுத்து, பைத்தான்-கன்ட்ரோல் என்ற நிரல் நூலகத்தில் கணித மாதிரி அமைத்துப் பார்ப்பதே இப்போதைக்கு வழி. கணக்குத் தெரிந்தவருக்கு அது தடையில்லை. பட்டறைக்காரருக்குத் துணை வேண்டும்.

பொருத்த முன்வருவோர், எமர்ஜென்சி பொத்தானை மென்பொருளை நம்பி விடாமல், டிரைவின் மின்சாரத்தையே துண்டிக்கும்படி தனி ஒயரில் முதலிலேயே இணைத்துவிட வேண்டும். பி எண்ணின் எல்லையைத் தேடும்போது கனத்த மேசை திடீரென அதிரத் தொடங்கினால், மவுஸைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.