கார்புரேட்டர் ஒழுகுதா? கழுவுவதா, கிட் போடுவதா, புதிதே வாங்குவதா?

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் ஒரு பழைய பைக்காவது நிற்கும். படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கோ ஊருக்கு வருகிறவர்கள் பெட்ரோல் டேப்பைத் திறந்ததும், கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ டியூபிலிருந்து பெட்ரோல் கொட்டும். காரைக்குடிக்குக் கொண்டுபோனால் ஒருவர் கழுவினால் போதும் என்பார், அடுத்தவர் கிட் (ஊசி, ரப்பர் வளையம் போன்ற தேயும் பாகங்களின் தொகுப்பு) போடச் சொல்வார், மூன்றாமவர் புது கார்புரேட்டரையே எடுத்து நீட்டுவார். எதைக் கேட்பது?

உள்ளே நடப்பது எளிது. பெட்ரோல் ஏற ஏற மிதவை உயர்ந்து, ஒரு சிறு ஊசியைத் துவாரத்தில் அழுத்தி வரத்தை நிறுத்த வேண்டும். அது நிற்காததுதான் கோளாறு. அடிக் கிண்ணத்தைக் கழற்றி, மிதவையை விரலால் மெதுவாகத் தூக்கிப் பிடித்து, டேப்பைக் கொஞ்சம் திறந்து பாருங்கள் (இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது). சொட்டு நின்றால் ஊசி நன்றாக இருக்கிறது. மிதவையின் உயரத்தையோ ஓவர்ஃப்ளோ குழாயின் விரிசலையோ பாருங்கள். மிதவையைக் காதருகே ஆட்டும்போது உள்ளே தளும்பினால் அது ஓட்டை. தூக்கிப் பிடித்தும் நிற்காவிட்டால் ஊசியோ துவாரமோதான்.

மாதக்கணக்கில் நின்ற வண்டிக்கு முதலில் கழுவுவதுதான் சரி. பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகி ஊசியை ஒட்ட வைத்திருக்கும். ரப்பர் வளையங்களைக் கழற்றிவிட்டே கிளீனர் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊதிப்போகும். ஆனால் கிண்ணத்தின் அடியில் செந்தூள் கிடந்தால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் எத்தனை முறை கழுவினாலும் வீண். துருவை ஆராய சிக்ரி என்ற மத்திய ஆய்வகமே இருக்கிற காரைக்குடியில் டேங்கைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை!

கழுவியும் ஒழுகினால் ஊசியின் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ரப்பர் முனையைச் சுற்றி வளையமாகத் தேய்ந்த தடம் தெரிந்தால் கிட்தான் வழி. இங்கே வண்டிக்கு வண்டி வித்தியாசம் உண்டு. ஆர்எக்ஸ் 100-இன் மிகுனி கம்பெனி கார்புரேட்டரில் ஊசி உட்காரும் துவாரத்தையும் திருகிக் கழற்றலாம். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஸ்ப்ளெண்டர் போன்ற பல வண்டிகளில் அது உடம்போடு அழுத்திப் பொருத்தியது, கழலாது. பஞ்சுக் குச்சியில் பித்தளை பாலீஷ் தொட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவிவிட்டுப் புது ஊசி போட்டால் பல நேரம் சரியாகும்.

அதற்கும் மசியாவிட்டால், அல்லது மரை போயிருந்தால் மட்டும் புதிது. மலிவான டூப்ளிகேட்டில் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) அளவு ஒத்துவராமல் மைலேஜும் பிக்கப்பும் போகும், அப்புறம் ட்யூனிங்குக்கே அலைய வேண்டியதுதான். ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்டது. ஒரிஜினல் மிகுனி உடம்பைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

மூன்றில் எதைச் செய்தாலும், நான்கு ஸ்ட்ரோக் வண்டியானால் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.