டர்பனிலிருந்து சென்னைக்கு '9 மணி நேரம்': பணம் கட்டுமுன் கவனியுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து தமிழ்நாட்டுக்கு வயதானவர்களை அழைத்துச் செல்ல எண்ணியிருப்பவர்கள், முகவரிடம் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

68 வயதான என் அம்மாவுடன் சென்னை செல்வதற்காக டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பயண முகவரை அணுகினேன். இரு விமான நிலையங்களுக்கும் இடையே ஏறத்தாழ 7,080 கிலோமீட்டர் என்றும், பயணம் 9 மணி நேரம் என்றும் ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். தொலைவு சரியானதுதான். ஆனால் அது நேர்க்கோட்டுத் தொலைவு என்பதையும், அந்தக் கோட்டில் இடைநில்லாமல் பறக்கும் விமானச் சேவை இல்லை என்பதையும் அவர் சொல்லவில்லை. பணம் கட்டிய பிறகு வந்த டிக்கெட்டில் ஜோகன்னஸ்பர்க், எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா, மும்பை என மூன்று இடங்களில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. அந்த வழியைக் கூட்டினால் 9,400 கிலோமீட்டர் வருகிறது. ரத்து செய்தால் பணம் திரும்பாது என்றார்.

அதைவிடக் கொடுமை, மும்பை–சென்னை டிக்கெட்டைத் தனிப் பதிவாக எடுத்திருந்தது. இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்திலேயே குடியேற்றச் சோதனையை முடித்து, பெட்டிகளை எடுத்து, சுங்கம் கடந்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடியும் பெட்டிகளை ஒப்படைக்க வேண்டும். இத்தனைக்கும் அவர் விட்டிருந்தது இரண்டே மணி நேரம். விமானம் 50 நிமிடம் தாமதமாக வந்ததால் சென்னை விமானத்தைத் தவறவிட்டோம். ஒரே பதிவாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு இருந்திருக்கும். எங்களுக்கோ புதிய டிக்கெட் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. கால் வீங்கிப்போய் அம்மா நாற்காலியில் சாய்ந்திருந்ததை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

திரும்பும் பயணத்துக்குச் சொன்ன கணக்கும் தவறு. இந்திய நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தியது. அவர் சென்னையில் புறப்படும் நேரத்தை டர்பனில் இறங்கும் நேரத்திலிருந்து அப்படியே கழித்துவிட்டதால், பயணம் மூன்றரை மணி நேரம் குறைவாகத் தெரிந்தது. அடிஸ் அபாபாவில் 14 மணி நேரக் காத்திருப்பு வேறு. மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கி வருபவர்களிடம் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். எத்தியோப்பியா அத்தகைய நாடு. ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசியை மருத்துவர்கள் யோசித்தே போடுவார்கள். சென்னையில் தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் எனக்கே இது தெரிந்தது. கட்டணம் கட்டித் தேதியை மாற்றி, காத்திருப்பைக் குறைத்துக்கொண்டோம்.

ஆகவே, வாசலிலிருந்து வாசல்வரை மொத்தம் எத்தனை மணி நேரம், எல்லாம் ஒரே பதிவு எண்ணில் உள்ளதா, ஒவ்வொரு இடத்திலும் காத்திருப்பு எவ்வளவு என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்குங்கள்.

ஊர் திரும்பிக் கேட்டபோது, டிக்கெட்டைப் படித்திருக்க வேண்டியது நீங்கள்தான் என்று முகவர் கைவிரித்தார். தென்னாப்பிரிக்காவின் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். '9 மணி நேரம்' என்று அவர் கைப்பட எழுதிய தாளின் நகலையும் அதோடு இணைத்திருக்கிறேன்.