இயக்குநர், ஸ்டுடியோ, கேமராமேன்: பழைய ஹாலிவுட்டைக் கற்க எந்த வழி?

1930 முதல் 1960 வரையிலான அமெரிக்கப் படங்களை முறையாகக் கற்க நினைப்பவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒரு இயக்குநரின் படங்களை வரிசையாகப் பார்ப்பது முதல் வழி. ஒரு ஸ்டுடியோவை எடுத்துக்கொண்டு அது எப்படி இயங்கியது என்று படிப்பது இரண்டாவது. ஒரு ஒளிப்பதிவாளரைப் பின்தொடர்வது மூன்றாவது. பெரும்பாலானவர்கள் முதல் வழியில்தான் போகிறார்கள். என் ஓட்டு மூன்றாவதற்கு.

இயக்குநர் வழி இருப்பதிலேயே சுலபமானது. ஹிட்ச்காக், ஜான் ஃபோர்டு, ஹோவர்டு ஹாக்ஸ், பில்லி வைல்டர் என்று பட்டியல் தயாராக இருக்கிறது, புத்தகங்களுக்கும் குறைவில்லை. படத்தின் ஆசிரியர் இயக்குநரே என்ற பார்வையை 1950களில் பிரெஞ்சு விமர்சகர்கள் வளர்த்தார்கள். 1960களில் விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் அதை அமெரிக்காவில் நிலைநாட்டினார். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோ ஹிட்ச்காக்கோடு உட்கார்ந்து படம் படமாகப் பேசியது பிறகு புத்தகமாக வந்தது. ஒரு காட்சியை ஏன் அப்படி எடுத்தோம் என்பதை எடுத்தவர் வாயாலேயே கேட்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தக் காலத்தில் இயக்குநர்களில் பெரும்பாலானவர்கள் ஒப்பந்த ஊழியர்கள். எடிட்டிங் அறையில் கடைசி வார்த்தை அவர்களுடையதாக இருப்பது அபூர்வம். ஆர்சன் வெல்ஸ் பிரேசிலில் இருந்தபோது, 1942இல் வெளியான அவருடைய இரண்டாவது படத்திலிருந்து 40 நிமிடங்களுக்கும் மேல் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ வெட்டியது, முடிவையும் வேறாக எடுத்துச் சேர்த்தது. வெட்டிய பகுதியை அழித்தும் விட்டார்கள். ஃபோர்டு இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்: தனக்கு வேண்டிய ஷாட்டை மட்டும் எடுப்பார். வேறு மாதிரி கோக்க எடிட்டர் கையில் எதுவும் மிஞ்சாது. அவர் ஏன் அப்படிச் செய்ய வேண்டியிருந்தது என்று கேட்டால், பதில் ஸ்டுடியோவில் இருக்கிறது.

ஸ்டுடியோ வழியின் பலமே அதுதான், காரணங்கள் கிடைக்கும். 1939இல் வந்த ‘கான் வித் த விண்ட்’, ‘த விசார்ட் ஆஃப் ஓஸ்’ இரண்டிலும் இயக்கம் விக்டர் ஃபிளெமிங் என்றே இருக்கும். முதல் படத்தை ஆரம்பித்தவர் ஜார்ஜ் க்யூகர்; இடையில் சாம் வுட்டும் வந்து போனார். இரண்டாவதில் கான்சஸ் காட்சிகளை எடுத்தவர் கிங் விடோர். இங்கே ஒற்றை இயக்குநரின் முத்திரையைத் தேடினால் கையில் ஒன்றும் அகப்படாது. 1934 முதல் ஜோசப் பிரீன் கறாராக நடத்திய தணிக்கை, ஸ்டுடியோக்கள் தியேட்டர்களையும் கையில் வைத்திருந்த ஏற்பாட்டை உடைத்த 1948 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இதெல்லாம் இந்த வழியில்தான் துலங்கும். குறை என்னவென்றால், இது நம்மைப் படிப்பாளி ஆக்கிவிடுகிறது. எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் வரவு செலவு முழுக்கத் தெரிந்தவருக்கும், ஒரு காட்சியில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்க்கத் தெரியாமல் போகலாம்.

இப்போது கேமராமேன் வழி. கிரெக் டோலண்டை எடுத்துக்கொள்வோம். 1940, 1941 இரண்டே ஆண்டுகளில் வெளியான அவர் படங்களில் ஃபோர்டின் ‘த கிரேப்ஸ் ஆஃப் ராத்’, வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’, வில்லியம் வைலரின் ‘த லிட்டில் ஃபாக்ஸஸ்’, ஹாக்ஸின் ‘பால் ஆஃப் ஃபயர்’ நான்கும் உண்டு. கேமராவுக்குப் பின்னால் அதே ஆள், இயக்குநர் மட்டும் மாறுகிறார். அப்படி அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் எது டோலண்டின் கை, எது இயக்குநரின் முடிவு என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. முதல் படம் எடுக்க வந்த 25 வயது வெல்ஸிடம் தானே போய் வேலை கேட்டவர் டோலண்ட். வெல்ஸ் திரையில் தன் பெயர் வரும் அதே டைட்டில் அட்டையில் டோலண்டின் பெயரையும் போட்டார்.

வைலரின் ‘த பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ (1946) படத்தில் ஒரு மதுக்கடைக் காட்சி. முன்னால், போரில் இரண்டு கைகளையும் இழந்த ஹோமர் தன் கொக்கிகளால் பியானோ வாசிக்கிறான். அல் பக்கத்தில் நின்று கேட்கிறான். தூரத்து மூலையில், டெலிபோன் கூண்டுக்குள் சின்ன உருவமாக ஃபிரெட். தன் மகளோடு பழகுவதை நிறுத்து என்று அல் சொன்னதால், அவளை அழைத்து உறவை முறித்துக்கொண்டிருக்கிறான். அவன் பேசுவது நமக்குக் கேட்காது. கூண்டுக்குள் குளோசப் போனால் கண்ணீர் வரவழைத்திருக்கலாம். டோலண்டும் வைலரும் முன்னையும் பின்னையும் ஒரே ஃபிரேமில் தெளிவாக வைத்துவிட்டு, எங்கே பார்ப்பது என்பதை நம்மிடம் விட்டார்கள். அல் வாசிப்பைக் கேட்டுக்கொண்டே கூண்டின் பக்கம் திரும்பும் அந்தப் பார்வையில் காட்சி முழுவதும் இருக்கிறது.

இந்த வழியில் வரலாறு விட்டுப்போகும் என்பார்கள். ஜேம்ஸ் வாங் ஹோவைத் தொடர்ந்தால் அந்தச் சந்தேகம் தீரும். 1899இல் சீனாவில் பிறந்து, மௌனப்படக் காலத்திலேயே கேமரா உதவியாளராகச் சேர்ந்து, 1970கள் வரை வேலை செய்தவர். சீனர்களை விலக்கி வைத்த சட்டம் 1943இல் நீங்கும் வரை அவரால் குடியுரிமை பெற முடியவில்லை. வெள்ளையரான சனோரா பாப்புடன் நடந்த திருமணத்தை, 1948 வரை கலிஃபோர்னியா சட்டம் ஏற்கவில்லை. அதே காலத்தில்தான் ‘பாடி அண்ட் சோல்’ (1947) குத்துச்சண்டைக் காட்சிகளை, ரோலர் ஸ்கேட் கட்டிக்கொண்டு, கையில் கேமராவோடு வளையத்துக்குள் இறங்கி எடுத்தார்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்துவிட்டு 1935இல் இந்தியா வந்த எல்லிஸ் ஆர். டங்கனுக்குத் தமிழ் தெரியாது. ‘சதி லீலாவதி’ முதல் ‘மந்திரி குமாரி’ வரை அவர் இங்கே இயக்கிய படங்களுக்கு, வசனத்தை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அவர் கொண்டுவந்தது தொழில். மொழி தெரியாமலே கடல் தாண்டிய அந்தத் தொழிலைத்தான் கேமராமேன் வழி நேரடியாகக் கற்றுத்தருகிறது.

இதிலும் குறைகள் உண்டு. வசனமும் நடிப்பும் பின்னுக்குப் போகும். எம்.ஜி.எம்.மில் மார்கரெட் பூத் போன்ற எடிட்டர்கள் செய்தது கண்ணில் படாமலே போகலாம். திரைக்கதை எழுத விரும்புகிறவர் வைல்டரின் படங்களிலிருந்து, அதாவது இயக்குநர் வழியிலேயே, ஆரம்பிப்பது நல்லது. ஆய்வு செய்கிறவருக்கு ஸ்டுடியோ வழியைத் தவிர்க்க முடியாது. இன்னொன்று: கறுப்பினப் பார்வையாளர்களுக்காக ஹாலிவுட்டுக்கு வெளியே படமெடுத்த ஆஸ்கர் மிஷோ இந்த மூன்று வழியிலும் எதிர்ப்பட மாட்டார். 1920இல் வெளியான அவருடைய ‘விதின் அவர் கேட்ஸ்’ கிடைக்கிறது, தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

மற்ற எல்லோருக்கும் டோலண்டின் அந்த நான்கு படங்கள், மேலே சொன்ன வரிசையிலேயே. மங்கலான பிரதியில் இருட்டுக்குள் இருக்கும் முகங்கள் கரைந்துவிடும் என்பதால், மீட்டெடுத்த பிரதியாகப் பார்த்து எடுங்கள். முதல் தடவை கதைக்காகப் பாருங்கள். அடுத்த தடவை ஒலியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு ஷாட்டிலும் பின்னணியில் யார் நிற்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.