சாம்பல் சிவந்தால்: வளைகோட்டைத் திருத்துவதா, மெஷினை அளப்பதா?

டிஜிட்டல் அச்சு மெஷினில் ஒரு முதியவரின் கருப்பு வெள்ளைப் படம், ஐம்பது பிரதிகள். காலையில் எடுத்த தாள்களில் நரைத்த தாடி நரையாகவே இருந்தது. பிற்பகலில் மீதியை ஓட்டியபோது அதே தாடியில் மெல்லிய சிவப்பு ஏறியிருந்தது. கோப்பும் மாறவில்லை, தாளும் மாறவில்லை. அவசரத்தில் ரிப்பில், அதாவது கோப்பை அச்சுப் புள்ளிகளாக மாற்றும் மென்பொருளில், மெஜெந்தா (கருஞ்சிவப்பு) மை எவ்வளவு விழ வேண்டும் என்று சொல்லும் வளைகோட்டை நடுப்பகுதியில் மூன்று சதவீதம் இறக்கினேன். தாடி சரியாகிவிட்டது. மறுநாள் காலையில் வேறொரு வேலையை ஓட்டினால் முகங்களெல்லாம் பச்சை பூத்திருந்தன. மெஷின் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. என் திருத்தம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

டிஜிட்டல் அச்சில் நிறம் ஒரு பக்கம் சாயும்போது நமக்கு நான்கு வழிகள் உண்டு: கோப்பைத் திருத்துவது, ரிப்பில் வளைகோட்டைத் திருத்துவது, கேலிபரேஷன் (மெஷினை அளந்து பழைய நிலைக்குக் கொண்டுவருவது) செய்வது, புதிய ஐசிசி புரொஃபைல் (மெஷின் தரும் நிறங்களைப் பதிந்த கோப்பு) எடுப்பது. எதைத் தொடுவது என்று முடிவு செய்யும் முன், சாய்வு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு நான் நம்புவது ஒரு சிறு சோதனைப் பட்டையைத்தான். ஒரு வரிசையில் கருப்பு மையால் மட்டும் ஆன 50 சதவீதச் சாம்பல். அதை ஒட்டி சயான் (பச்சை கலந்த நீலம்) 50, மெஜெந்தா 40, மஞ்சள் 40 கலந்த சாம்பல். அச்சில் சாம்பலைச் சமன்படுத்த உருவான ஜி7 முறை நடுநிலைச் சாம்பலுக்கு வைத்திருக்கும் கலவை இது. வேலை போகும் அதே அமைப்பில் பட்டையையும் அனுப்ப வேண்டும். கருப்பு மட்டும் உள்ள கட்டமே நிறமாகத் தெரிந்தால் தாளையோ விளக்கையோ சந்தேகப்படுங்கள். மூன்று நிறக் கட்டம் மட்டும் சாய்ந்தால் குறை மெஷினிலோ ரிப் அமைப்பிலோ இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போய், படம் மட்டும் சாய்ந்தால் முதலில் கோப்பைத் திறந்து பாருங்கள்.

மெஷின் பக்கம்தான் குறை என்றால், போட்டி வளைகோட்டுக்கும் கேலிபரேஷனுக்கும் இடையில்தான். வளைகோடு இரண்டு நிமிட வேலை. அதன் கவர்ச்சியும் அதுதான். ஆனால் சாம்பலுக்காக மெஜெந்தாவைக் குறைத்தால், தோல் நிறத்திலும் சிவப்பிலும் ஊதாவிலும் உள்ள மெஜெந்தாவும் சேர்ந்தே குறைகிறது. அந்தப் பச்சை முகங்கள் அப்படி வந்தவைதான். மேலும், கண்ணால் பார்த்துச் செய்த திருத்தத்துக்கு அளவு கிடையாது. அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கு அது ஏன் அங்கே இருக்கிறது என்றே தெரியாது.

கேலிபரேஷனும் உள்ளுக்குள் வளைகோடுதான். நான்கு மைக்கும் தனித்தனியே ஒன்று. வேறுபாடு, அதை எழுதுவது கண் அல்ல, அளவுக் கருவி என்பதில் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் மாறினால் டோனர் (இந்த மெஷினில் மையாகும் தூள்) ஏற்கும் மின்னூட்டம் மாறும். அதனால் தாளில் படியும் டோனரின் அளவும் மாறும். இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் கேலிபரேஷன். காலையில் ஒருமுறை செய்தால் போதும் என்பார்கள். நான் அதை ஏற்பதில்லை. நீண்ட ஓட்டத்தின் நடுவிலும், தாள் வகை மாறும்போதும் மறுபடி செய்கிறேன். போவது பத்து நிமிடமும் சில தாள்களும்தான்.

கேலிபரேஷன் முடிந்த பிறகும் சாம்பல் சாய்ந்தால்தான் புதிய புரொஃபைலுக்கு வேலை. நான்கு மைகளும் ஒன்றோடொன்று கலக்கும்போது எந்த நிறம் வருகிறது என்பதைப் புரொஃபைல் பதிந்து வைக்கிறது. புரொஃபைலுக்காக அச்சிட்டு அளக்கும் ஐடி8.7/4 அட்டவணையில் மட்டும் 1617 கட்டங்கள் உண்டு. தாளின் வகையே மாறிவிட்டால் இதற்கு மாற்று இல்லை. ஆனால் கேலிபரேஷன் செய்யாத மெஷினில் எடுத்த புரொஃபைல், அன்றைய குறையையும் சேர்த்துப் பதிந்துகொண்டு, பிறகு எல்லா வேலையிலும் அதைக் கொண்டுவந்து நிறுத்தும். தாளில் ஒளிர்வூட்டி (புற ஊதா ஒளியில் வெண்மையைக் கூட்டும் பொருள்) கலந்திருந்தால், அளக்கும் விளக்கு எப்படிப்பட்டது என்பதைக் குறிக்கும் முறையையும் பாருங்கள்: எம்0 முறையில் அளந்த தாளும் எம்1 முறையில் அளந்த தாளும் ஒரே வெண்மையைக் காட்டாது. அச்சகங்கள் இலக்காக வைக்கும் ஃபோக்ரா51 நிறத் தரவு எம்1 முறையில் அளந்தது.

கோப்பைத் திருத்துவது, குறை உண்மையிலேயே கோப்பில் இருக்கும்போது மட்டும். மெஷினின் குறைக்காகத் திருத்திய கோப்பு வேறொரு மெஷினில் எதிர்ப்பக்கம் சாயும்.

இதில் எதையும் தொடாமலே தீரும் சாய்வு ஒன்று உண்டு. படம் சரி, ஆனால் பின்னணி வெள்ளை மட்டும் லேசாக மஞ்சளாகவோ நீலமாகவோ தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியை அந்த வெள்ளையின் மேல் வையுங்கள். எதுவும் அச்சாகியிருக்கக் கூடாத இடத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தால், ரிப்பில் ரெண்டரிங் இன்டென்ட் (கோப்பின் நிறங்களை மெஷினின் நிறங்களாக எப்படி மாற்றுவது என்ற அமைப்பு) அப்சல்யூட் கலரிமெட்ரிக்கில் இருக்க வாய்ப்பு அதிகம். அது மூலத் தாளின், அதாவது கோப்பு எந்தத் தாளுக்காக உருவானதோ அதன், வெண்மையையே உங்கள் தாளில் மையால் வரைந்து காட்ட முயல்கிறது. புரூஃப் (மாதிரி அச்சு) எடுக்க அது சரியான தேர்வு. விற்பனைக்குப் போகும் வேலைக்கு ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்கும் (வெள்ளையை உங்கள் தாளின் வெள்ளையாகவே விடுவது) பிளாக் பாயின்ட் காம்பென்சேஷனும்தான் (அடர் கருப்பை மெஷினின் கருப்புக்குப் பொருத்துவது) என் தேர்வு. மிக அடர்ந்த நிறங்கள் நிறைந்த படங்களுக்கு மட்டும் எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கும் பெர்செப்சுவலை ஓட்டிப் பார்க்கலாம்.

கருப்பு வெள்ளைப் படங்களுக்கு இன்னொரு கேள்வி: கருப்பு மை மட்டுமா, நான்கு நிறமா? கருப்பு மட்டும் போட்டால் சாம்பல் ஒரு நாளும் சிவக்காது. எழுத்துக்கும் கோட்டுக்கும் வேறெதுவும் வேண்டாம். ஆனால் முகத்தில் நிழல்கள் மெலிந்து, வெளிறிய இடங்களில் புள்ளி தெரியும். நான்கு நிறத்தில் ஆழம் கிடைக்கும். சாயும் அபாயமும், விளக்குக்கு விளக்கு நிறம் மாறித் தெரியும் குணமும் கூடவே வரும். சயான், மெஜெந்தா, மஞ்சளைக் குறைத்துக் கருப்பைக் கூட்டும் ஜிசிஆர் அளவை உயர்த்தினால் இரண்டும் பெரிதும் அடங்கும். அந்த முதியவரின் படம் மறுபதிப்புக்கு வந்தபோது இப்படித்தான் ஓட்டினேன்: நான்கு நிறம், உயர்ந்த ஜிசிஆர், நடுவில் ஒரு கேலிபரேஷன். முதல் தாளையும் கடைசித் தாளையும் அச்சைப் பார்ப்பதற்கான தர ஒளியான டி50 விளக்கின் கீழ் பக்கத்தில் பக்கமாக வைத்து, தாடியை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.